துப்பட்டிக்குள் ஒரு கேன் தண்ணீர்

எண்பதுகளின் பிற்பாதியில், இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வாரம் அது. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. கூடவே என் அத்தா எனக்கு எழுதிவைத்த கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன.

எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி வந்து எங்கள் நிலத்தை ஒட்டித் துளை போட்டிருந்தது. அவர்கள் வெட்டிய கழிவுக் குழி கசிந்ததோ என்னவோ, கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீரில் டீசல் வாடை அடிக்க ஆரம்பித்தது. எங்கள் தெரு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. இரண்டாவது துளைக்கு மெஷின் வந்து நின்றபோது, கிணறு என் பேரில் இருந்ததால் நானே வழக்குப் போட்டேன். கள்ளக்குறிச்சி கோர்ட்டு தற்காலிகமாகத் தடை கொடுத்தது. அடுத்த வாய்தா சரியாக அந்த மறியல் வாரத்தில் வந்து விழுந்தது. நான் போய் நிற்காவிட்டால் தடை போய்விடும், மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வரும்போது கிணற்றுத் தண்ணீர் ஒரு கேன் எடுத்துவரவும் சொன்னார்.

பஸ் ஓடவில்லை. என் வீட்டுக்காரரின் டி.வி.எஸ். வண்டியில் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்திருந்த நான், தூசி படாமல் இருக்கட்டும் என்று கேனை மடியில் வைத்து மேலே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு!

பாதி வழியில் ஒரு புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அதைச் சுற்றிப் பத்து இருபது பேர், சிலர் கையில் கோடாலி. முந்தின நாள்தான் பக்கத்து ஊரில் யாரோ குடிசைகளுக்குத் தீ வைத்திருந்தார்கள். அதனால் அவர்கள் கண்ணிலும் பயம் இருந்தது. பயந்தவன் கையில் கோடாலி இருந்தால் என்ன வேண்டுமானாலும் ஆகும்.

"இன்னா பாய், இந்த நேரத்துல எங்க போய்க்கினு இருக்க?" என்று ஒருவன் கேட்டான். கோர்ட்டுக்கு என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அதற்குள் காற்று என் பக்கமிருந்து அடித்தது. பக்கத்தில் நின்றவன் மூக்கைச் சுளித்தான்.

"யோவ், டீசல் வாட வீசுது. இன்னாம்மா அது துப்பட்டிக்குள்ள?"

நான் கேனை வெளியே எடுத்ததுதான் தாமதம், கூட்டமே எங்களைச் சூழ்ந்துகொண்டது. இவர் சட்டையை ஒருவன் பிடித்துவிட்டான்.

"எவன் வூட்டக் கொளுத்தப் போறீங்க?"

"தண்ணிங்க! அல்லா மேல சத்தியமா வெறும் தண்ணிதாங்க!" என்று கத்தினேன்.

"தண்ணின்னா எதுக்கு ஒளிச்சி எடுத்துக்கினு போற?"

தூசிக்காக என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், ஒருவன் கேனைப் பிடுங்கி ரோட்டில் கொஞ்சம் ஊற்றினான். வெயிலில் அதன் மேல் கலர் கலராக எண்ணெய்ப் படலம் மின்னியது. அவன் தீப்பெட்டியை எடுத்தான்.

அதில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பற்றிக்கொண்டால் இவரை அங்கேயே முடித்துவிடுவார்கள். முதல் குச்சி காற்றில் அணைந்தது. "யா அல்லாஹ், அது தண்ணியாவே இருக்கட்டும்" என்று அழுதேன். இரண்டாவது குச்சியைக் கையால் மறைத்துக் கொளுத்தி ஈரத்தில் போட்டான். 'சுர்' என்று அணைந்துவிட்டது.

சட்டையைப் பிடித்திருந்தவன் கையை எடுத்தான். கூட்டத்தில் வயதான ஒருவர் குனிந்து, விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"இத்தயாம்மா குடிக்கிறீங்க?"

"வேற தண்ணி இல்லீங்க."

அவர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கேனை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர்களே வண்டியை மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். "ரோட்டுல போவாதீங்க. ஏரிக்கர மேலயே போய்டுங்க" என்று வழியும் சொன்னார்கள்.

கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் வழக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பெனி வக்கீல் எழுந்து, கிணற்றில் இருப்பது வெறும் தண்ணீர்தான், வாடையெல்லாம் கட்டிவிட்ட கதை என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் சத்தியம் செய்து நான் சொன்ன அதே வார்த்தை! நீதிபதி என்னைப் பார்த்தார். பயம் இன்னும் தெளியாத வாயில் உண்மைதான் வந்தது.

"எரியலீங்க ஐயா. வர்ற வழியில கொளுத்திப் பாத்துட்டாங்க. ஆனா என் புள்ளைங்க இத்தத்தான் குடிக்குதுங்க."

கேனை வாங்கி மூடியைத் திறந்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். தடை நீடித்தது. பிறகு பல வாய்தாக்கள் அலைந்தோம். கடைசியில் வழக்கு எங்கள் பக்கம் தீர்ந்து மெஷின் போய்விட்டது. ஆனால் வாடை போகப் பல மழைக்காலம் ஆயிற்று.

இன்றும் எங்கோ எண்ணெய்க்குத் துளை போடப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், ஜெயித்த வழக்கு எனக்கு நினைவுக்கு வருவதில்லை; பெற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தண்ணீர் தீப்பிடித்துவிடக் கூடாதே என்று நடுரோட்டில் அழுதுகொண்டு நின்ற அந்த நிமிஷம்தான் வருகிறது. அப்படியொரு பயம் எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.