காய்ந்த தட்டில் நின்ற நைட்ரேட்

எண்பதுகளின் முற்பாதி, மழை பொய்த்த ஓர் ஆண்டின் புரட்டாசி. சேலத்தில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் நான் அனலிஸ்டாக இருந்தேன். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கால்நடை டாக்டர் போன் செய்தார்.

"ரெண்டு எருமை செத்துப்போச்சு. ரத்தம் காப்பி டிகாஷன் மாதிரி இருக்கு. டைபினைலமைன் எடுத்துக்கிட்டு உடனே வாங்க சார்."

இறந்தவை பொன்னுசாமி என்ற விவசாயியின் எருமைகள். கட்டுத்தரையில் மிஞ்சியது ஒரு சினைப்பசு. டாக்டர் மெத்திலீன் ப்ளூ என்ற முறிவு மருந்தை ஊசியாகப் போட்டு அதைக் காப்பாற்றியிருந்தார். பக்கத்தில் காய்ந்த சோளத்தண்டுகளை அடுக்கிய தட்டுப் போர். அடுத்த மழை வரை அந்தப் பசுவுக்கு அது ஒன்றுதான் தீனி.

"வாடுன பயிர்ல விஷம் இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? மொறுமொறுன்னு காய வெச்சுத்தானுங்க போட்டேன்" என்றார் பொன்னுசாமி.

அது சரியான வழக்கம்தான். வாடிய சோளத்தில் உண்டாகும் சயனைடு காய்ந்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் சயனைடில் இறந்த மாட்டின் ரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். இங்கே பழுப்பு. அது நைட்ரேட்டின் அடையாளம். நைட்ரேட் காய்ந்தாலும் போகாது.

"உரம் ஏதாச்சும் போட்டீங்களா?"

அவர் மனைவி பாவாயி முந்திக்கொண்டார். "நல்லாக் கேளுங்க சார். ஒரு தூத்தல் போட்டதும் புது மாப்பிள்ளைக்கு விருந்து வெச்சாப்பல யூரியாவ அள்ளி வீசுனாருங்க. அப்புறம் மழையவே காணோம்."

"பயிரு பொழைக்கட்டும்னுதான போட்டேன்? நீ தடுத்தியா?"

"நாஞ் சொன்னா கேட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பீங்களாக்கும்!"

இளையவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. அதை உள்ளே எடுக்க வேர்ச் செல்லின் சவ்வில் தனிப் புரதங்கள் இருக்கின்றன. அன்றைக்கு அவற்றை யாரும் பிரித்துக் காட்டியிருக்கவில்லை. அப்படி உள்ளே கடத்தும் ஏதோ இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பேசினோம். நைட்ரேட் வந்து தொட்டதும் அவை பெருகும். இலை அதை அமினோ அமிலமாக்கித் திருப்பி அனுப்பும்போது, அதுவே "போதும்" என்ற செய்தியாகி உறிஞ்சுதல் குறையும். வாடிய பயிரில் இலை வேலை செய்யாது; போதும் என்ற செய்தியும் வராது. லேசான ஈரம் கிடைத்ததும் வேர் இழுத்துக்கொண்டே இருக்கும். எல்லாம் தண்டில் தேங்கும்.

போரிலிருந்து ஒரு தட்டை உருவிச் சாய்வாக வெட்டி டைபினைலமைன் மருந்தை ஒரு சொட்டு விட்டேன். நைட்ரேட் இருந்தால் நீலமாகும். கருநீலமானது. அடித்தண்டில்தான் அதிகம் தேங்கும் என்பதால் நுனிப் பாதியையாவது மீட்கலாம் என்றேன். பாவாயி அரிவாளை எடுத்துக் கட்டுக்கட்டாக அடியை நறுக்கித் தள்ளினார். நுனியில் சொட்டு விட்டேன். அதுவும் நீலம். போரின் நாலு பக்கமும் உருவிப் பார்த்துவிட்டோம்; எல்லாமே நீலம்.

"வேற தீனியோட கலந்து கொஞ்சமாப் போடலாம்" என்றார் டாக்டர்.

"வேற தீனி இருந்தா இந்தச் சனியனை நான் ஏஞ் சார் தொடப் போறேன்? அப்ப எதைத்தாம் போடறது?" என்றார் பொன்னுசாமி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் புட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்துக் காட்டுக்காரர் மெல்லச் சொன்னார்: "பேசாம வித்துப்போடப்பா. சந்தையில தட்டுக்கு அடிபிடி."

"வாங்கறவிய ஊட்டு மாடு மாடில்லீங்களா?" என்றார் பாவாயி. அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியோடு வந்தார். பொன்னுசாமி அதை வாங்கிப் போரைக் கொளுத்தினார்.

பசு தட்டு வாசனைக்குக் கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தியது. அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார் பாவாயி. மறுவாரம் அந்தப் பசு அடிமாட்டு லாரியில் போனதாக டாக்டர் சொன்னார்.

இதைத் தின்னக் கொடுக்காதே என்று சொல்லப் போகிறவன், வேறு எதைக் கொடுப்பது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். அதன்பின் எந்தக் கட்டுத்தரைக்குப் புறப்பட்டாலும், வைக்கோல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டே பஸ் ஏறினேன். அந்த ஆண்டு கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்றார்கள். அப்போதும் பையில் மருந்துப் புட்டி மட்டும்தான் இருந்தது.