நாத்தனார் கேட்காத சங்கிலி

அறுபதுகளின் கடைசியில் சிட்லபாக்கத்தில் குடியிருந்தபோது என் வலது தாடையில் ஒரு வீக்கம் வந்தது. பார்த்த மாத்திரத்தில் அது பொன்னுக்கு வீங்கிதான் என்று தீர்ப்புச் சொன்னவர், எங்களோடு இருந்த என் நாத்தனார், கணவரின் அக்கா. அதற்குக் கழுத்தில் தங்கம் போட்டால் வடியும் என்பார்கள். என் சங்கிலி மெல்லிசாம், போதாதாம். தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். எனக்கு அப்போதே சந்தேகம். ஒரு ஊக்கு கொடுத்தால்கூடச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கேட்கிற மனுஷி அவர்.

காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. மாதம் ஒன்று ஓடியும் வீக்கம் வடியவில்லை. தொட்டால் எலும்பே புடைத்த மாதிரி கெட்டியாக இருந்தது. ஆனால் என்னை அரித்த விஷயம் வேறு: நாத்தனார் சங்கிலியைக் கேட்கவே இல்லை. நானாகக் கழற்றி நீட்டினேன்.

"இருக்கட்டும்மா, நீயே போட்டுக்கோ."

அம்மாவாம்! ஒரு நாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை அவர்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் என் கணவரை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். மின்சார ரயிலில் திரும்பும்போது, "என்னங்க சொன்னார்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. சின்ன ஆபரேஷன்."

பல்லாவரம் தாண்டியும் அவர் முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. வீட்டில் நான் உள்ளே நுழைந்தால் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். கூப்பிடாமலே சபைப் போதகர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். புற்றுநோய்தான் என்று முடிவு கட்டினேன். முப்பது வயதுகூட ஆகவில்லை எனக்கு. சாகப் பயமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கணவர் சட்டைப்பையிலிருந்து சங்கிலியை எடுத்து மறுபடி என் கழுத்தில் போட்டார். அக்கா உத்தரவாம். வெட்டி எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் என்னிடமே எக்ஸ்ரேயைக் காட்டினார். முளைக்காத கடைவாய்ப் பல் ஒன்று எலும்புக்குள் படுத்துக் கிடந்ததாம். அதைச் சுற்றி ஒரு நீர்ப்பை வளர்ந்து தாடையைப் புடைக்க வைத்ததாம். புற்று இல்லையாம். கணவர் பலமாகத் தலையாட்டினார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

வீட்டு வாசலில் ரிக்‌ஷா நின்றது. கணவர் முன்னால் ஓடி அக்கா காதில் ஏதோ சொன்னார். நாத்தனார் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"சங்கிலியைக் கழட்டு. ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போட்டுக்கணும்."

நான் வாசலிலேயே ஓவென்று அழுதேன். பிழைத்துவிட்டேன் என்று அப்போதுதான் நம்பினேன். அழுகையில் கொக்கி கைக்கு அகப்படவில்லை. அவரே கழற்றிக்கொண்டார்.