தட்டில்லாத மேசை

ஆஸ்பத்திரி கேன்டீனில் மேசை துடைப்பவர் அவர். வாழ்க்கையில் அவர் பயந்தது ஒரே ஒரு பெட்டிக்குத்தான். புது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் மனைவி தன் பெட்டியைத் திறந்து துணிமணியை அடுக்கவே இல்லை. "இந்த ஏரியா எனக்கு ஒத்துவரலைன்னா அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்" என்று அதைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தாள். வேலைக்குப் பக்கம் என்று பிடிவாதமாக எல்லாரையும் இழுத்துக்கொண்டு வந்தவர் அவர். என்ன பேச முடியும்?

அதனால் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையைப் பற்றி மகள் கேள்விப்பட்டு வந்து குதித்தபோது அவரும் சேர்ந்து குதித்தார். அங்கே தட்டே கிடையாதாம். நீளமான மரமேசையின் நடுவில் சோற்றையும் குழம்பையும் அப்படியே கொட்டிவிடுவார்களாம். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கையை விட வேண்டியதுதானாம். ஞாயிறு மதியம் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் அவர் கண் துடைக்கிற துணிக்குத்தான் போனது. தொழில் புத்தி எங்கே போகும்? கடையாள் தரையில் சிந்தியதைத் துடைத்தான். துணியை வாளியில் ஒரு முக்கு முக்கினான். அதே துணியோடு இவர்கள் மேசைக்கு வந்தான். வாளித் தண்ணீரில் பருக்கைகள் மிதந்தன. பலகை இடுக்குகளில் நேற்றையதோ முந்தாநாளையதோ, மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. சீ!

சொன்னால் பெட்டி கிளம்பிவிடும். சொல்லாவிட்டால் பெற்ற மகள் இதன்மேல் சாப்பிடுவாள்.

"இப்படிக் குடுங்க தம்பி" என்று துணியைப் பிடுங்கினார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கசக்கிப் பிழிந்துகொண்டு வந்து, மேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேய்தேய் என்று தேய்த்தார். உட்கார்ந்திருந்தவர்கள் அவரைக் கடையாள் என்றே நினைத்து முழங்கையைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

"அண்ணே, அப்படியே தண்ணி கொண்டாங்க" என்றார் எதிரே ஒரு பெரிய மீசைக்காரர். இவரும் பழக்கதோஷத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"அப்பா, மானத்தை வாங்காதீங்க!" மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மனைவி சிரித்துவிட்டாள். புது வீட்டுக்கு வந்தபின் இதுதான் அவளுடைய முதல் சிரிப்பு. இதற்காக எதை வேண்டுமானாலும் விழுங்கலாம் என்று உட்கார்ந்தார்.

சாப்பாட்டைக் கொண்டுவந்து கொட்டினார்கள். குழம்பு ஓடிப்போய் விளிம்பில் சொட்டியது. மீசைக்காரர் ஒவ்வொரு விரலாகச் சூப்பிவிட்டு அதே கையைக் குவியலுக்குள் விட்டார். தும்மினார். வாயை மூட வேண்டுமே, ஊஹூம். மீசையில் ஒட்டியிருந்த பருக்கை ஒன்று குவியலுக்கே திரும்பிப் போனது. அது எங்கே விழுந்தது என்று இவருக்குத் துல்லியமாகத் தெரியும். மகள் அந்த இடத்திலிருந்துதான் அள்ளிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் ஒரு சாப்பாடா, இவர்களெல்லாம் மனிதர்களா என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தார்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் மனைவி.

"பிரமாதம்" என்று மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்கினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதற்குமேல் தாங்கவில்லை. சாக்கடை ஓரமாக ஓடிப்போய்க் குனிந்தார். அத்தனையும் வெளியே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் பக்கத்தில் இன்னொரு தலை குனிந்திருந்தது.

"உனக்குமா?"

"அந்த மீசையைப் பாத்ததுலருந்தே எனக்கு முடியல. நீங்க ஆசையா கூட்டிட்டுப் போனீங்களேன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

"நீ சிரிச்சியேன்னு நான்..." முடிக்குமுன் மறுபடி குமட்டியது.

மகள் திருப்தியாக ஒரு ஏப்பம் விட்டாள். "அடுத்த ஞாயிறும் வரலாமாப்பா?"

"வாயை மூடு!" என்றார்கள் இரண்டு பேரும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நேரே குளியலறைக்குள் புகுந்தாள். நெடுநேரம் தண்ணீர் கொட்டும் சத்தம். இவர் கட்டிலில் உட்கார்ந்து, காலுக்கடியில் இருக்கும் பெட்டியையே நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க," கதவு கொஞ்சம் திறந்தது. "என் பெட்டியில புதுத் துண்டு இருக்கு, எடுத்துக் குடுங்க. அப்படியே மத்த துணியெல்லாம் பீரோல அடுக்கிடுங்க."

அவர் துள்ளி எழுந்து பெட்டியை இழுத்தார்.

"கையைக் கழுவிட்டுத் தொடுங்க!"