தட்டில்லாமல் வந்த தாய்மாமன்

காலையில் கூரியர்க்காரர் ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தங்கை மகன் கிறிஸ்துமஸுக்கு எனக்குச் சட்டை அனுப்பியிருக்கிறான். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் பண்டிகை யாருடையதாக இருந்தாலும் சட்டையை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

பிரித்ததும் புதுத்துணியின் கஞ்சி வாசம். அந்த வாசம் வந்தாலே எனக்கு அவன் அப்பாதான் ஞாபகத்துக்கு வருவார். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் ஒன்றில் தையல்காரர். என் தங்கை எங்களைக் கேட்காமல் அவரைக் கட்டிக்கொண்டாள். அப்போது நான் சிலமலையிலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். தினம் அவள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒன்றரை வருடம் அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பாமலே ஓட்டினேன். லாரி வரும் வளைவுகளில்கூட அவ்வளவு கவனமாக ஓட்டியதில்லை. குழந்தை பிறந்த செய்தி வந்தபோதும் திரும்பவில்லை.

வண்டியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். அவர்களுக்குத் தெரியாத குடும்பச் சண்டை அந்த மலையில் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்து இறங்கும்போது, தோட்டத்து மாதா கோயிலில் நாடகம், வண்டியை நிறுத்து என்றார்கள். மாட்டேன் என்று சொல்வதற்குள், அவர்களில் மூத்த பேச்சியக்கா சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டார்.

தகரக் கூரைக் கோயில். வைக்கோல்மேல் என் தங்கை, நீலச் சேலையை முக்காடு போட்டு, மாதாவாக உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் பிள்ளைதான் இயேசு பாலன். நான் கடைசித் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். மூன்று ராஜாக்கள் வந்தார்கள். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம், மூன்றும் ஜிகினா ஒட்டிய பிஸ்கட் டப்பாக்களில். ஒவ்வொருவரும் மண்டியிட்டுக் கும்பிட்டு, அதன் பிறகே டப்பாவைத் திறந்து வைத்தார்கள்.

எங்கள் பெண்கள் அதுவரை அமைதியாகத்தான் இருந்தார்கள். கைக்குழந்தையைப் பார்க்க வரிசை கொண்டுவந்தால் அவர்களுக்கு அது சீர்தான். பேச்சியக்கா தூண் பக்கம் திரும்பி, கோயிலே கேட்கும்படி, "ஏ அப்பு, ஊரான் மூணு பேரு அம்புட்டுத் தூரத்துல இருந்து சீரு கொண்டாந்துட்டான். தாய்மாமன் நீ இங்கன என்ன சோலி பாக்குற?" என்றார்.

நாடகம் நின்றது. ராஜாக்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெறுங்கையோட எப்படிக்கா போறது?" என்றேன்.

"சீரு நாளைக்கி வரும். ஆளு வெரசா போ."

போனேன். ராஜாக்களே மண்டியிட்டிருக்கும்போது நான் நிற்பது நன்றாக இருக்காது என்று நானும் மண்டியிட்டேன். எங்கள் பக்கம் தட்டு முன்னால் போகும், மாமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னால் வருவான். இங்கே கும்பிடுதான் முதலில், பெட்டி அப்புறம். எனக்குத் திறக்கப் பெட்டியே இல்லை. மண்டியிட்டது மட்டும்தான் நான் கொண்டுவந்த சீர்.

மாதா பேசக் கூடாத இடம் அது. ஆனாலும் என் தங்கை, "அண்ணே, மெதுவா. ஒனக்கு முட்டி வலிக்கும்" என்றாள். வெட்கமே இல்லாமல் அழுதுவிட்டேன். பிள்ளை என்னைச் சட்டை செய்யவே இல்லை. பக்கத்து ராஜாவின் பஞ்சுத் தாடியைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் வெள்ளி அரைஞாண்கொடி வாங்கிப் போட்டேன். அது இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பேச்சியக்கா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. போன மாதம் தங்கையைப் பார்க்க ஒரு ஜீப்பில் மலையேறினேன். பெண்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வந்தார்கள். டிரைவர் தம்பியின் முகம் வாடிக் கிடந்தது. என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று எல்லோரும் நாகரிகமாக இருந்தோம். இறங்கி, வண்டி வளைவைத் தாண்டிப் போன பிறகுதான், நானாவது கேட்டிருக்கலாமே என்று தோன்றியது.