அண்ணன் படகுக்கு இரண்டாவது மோட்டார்

அண்ணன் படகுக்கு இரண்டாவது மோட்டாரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு கோவளம் கரையில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். என் கணவர் தேர்ந்தெடுத்தார் என்றார்கள். பாரிமுனைக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்தார் என்றார்கள். யாரோ இன்ஜினியர் வந்து பார்த்தார் என்றுகூடச் சொன்னார்கள். ஒரு இன்ஜினியரும் வரவில்லை. வந்தது நான், ஒரு ஸ்பிரிங் தராசோடு.

நான் பிறந்தது கோவளத்தில், கடலுக்குப் போகிற வீட்டில். கல்யாணமாகி வந்தது தாம்பரத்தை ஒட்டின இரும்புலியூருக்கு. என் கணவர் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார் கருகிப்போனால் கூடுவாஞ்சேரியிலிருந்தும் கோவிலம்பாக்கத்திலிருந்தும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கருகின கம்பியை வெட்டியெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்ற வேண்டும். கல்யாணமான இரண்டாம் வருஷமே அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவருக்குக் கணக்கு நன்றாக வரும், பொறுமை வராது. எனக்குப் பொறுமை கம்பியிடம் மட்டும் உண்டு, மனுஷர்களிடம் கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் அவரிடம்தான் பேசுவார்கள். உள்ளே உட்கார்ந்து சுற்றுகிறவள் நான் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் அண்ணன் டீசல் என்ஜின் வைத்த ஒரு மரப்படகு வாங்கினான். வாங்கின பெருமையில் பாய்மரத்தைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக்கு உத்திரமாகப் போட்டுவிட்டான். கொஞ்ச நாளில் ஒருமுறை கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் என்ஜின் நின்றுபோனது. நாலு பேர் ஒன்றரை நாள் மிதந்தார்கள். மகாபலிபுரத்துக்கும் தெற்கே வேறொரு படகு பார்த்து இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது.

அந்த ஒன்றரை நாளும் அண்ணி மணலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆள் திரும்பி வந்ததும் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. சோறு போட்டாள். நானும் கணவரும் பதறி அடித்துக்கொண்டு போய் நின்றபோது, என்னைப் பார்த்து ஒரே பேச்சாகச் சொன்னாள்.

“இன்னொரு மிசினு இல்லாம இந்த ஆளு கடலுக்குப் போனா, நான் மூணு புள்ளைங்களையும் இட்டுகினு தாம்பரம் வந்துருவேன். உன் வூட்டாண்டதான் குந்திகினு இருப்பேன். சொல்லிட்டேன்.”

சொன்னதைச் செய்கிறவள் அவள். படகு கடலை ஒட்டிய உப்பங்கழியில் கட்டிக் கிடந்தது. அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. வாசலில் உட்கார்ந்து கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு என்னவோ போல இருந்தது. “மிசினு நாங்க பாத்துத் தரோம்ணா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

என் கணவர் அன்றே முடிவு செய்துவிட்டார், கரண்ட் மோட்டார்தான் என்று. பழைய லாரி டைனமோ ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதை மோட்டாராக ஓடும்படி நான் சுற்றிக்கொடுத்தேன். இரண்டு லாரி பேட்டரி, ஒரு சுவிட்சு, நீளத் தண்டின் நுனியில் தண்ணீரைத் தள்ள ஒரு பித்தளை விசிறி.

“சத்தமே இருக்காது பாரு. சுவிட்சைப் போட்டா போதும். உங்க அண்ணன் ராஜா மாதிரி வரலாம்” என்றார்.

எங்கள் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு தட்டைப் படகு இருந்தது. அதில் மாட்டி ஓட்டினோம். உண்மையிலேயே சத்தமில்லை. நாரைகள்கூடப் பறக்கவில்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் கையால் சுற்றினது அல்லவா அது. என் கணவர்தான் பாவம், படகு லேசாக ஆடினதற்கே தலை சுற்றி, ஏரித் தண்ணீரில் வாந்தி எடுத்தார்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் கடையில் எந்த மோட்டாருக்கும் முதலில் கேட்கிற கேள்வி எத்தனை குதிரைசக்தி என்பதுதான். கிணற்றுக்கு அது போதும். கிணறு எங்கேயும் ஓடாது. படகு ஓடுகிற தண்ணீரை எதிர்த்து வர வேண்டும். அதனால் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க நினைத்தேன். பழைய இரும்புக் கடையில் மூட்டை நிறுக்கிற ஸ்பிரிங் தராசு ஒன்று கிடைத்தது. படகின் பின்பக்கத்தில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தராசில் மாட்டி, தராசைக் கரைப் பனைமரத்தில் கட்டினேன். மோட்டாரை ஓடவிட்டால் முள் எத்தனை கிலோவுக்குப் போகிறதோ அதுதான் இழுப்பு.

முள் ஒன்பது கிலோவில் நின்றது. அரை மணி கழித்து ஏழு. ஒரு மணியில் நாலு. அதன்பிறகு பேட்டரி செத்துப்போனது.

“ஏரிக்கு நல்லாத்தானே இருக்கு” என்றார் அவர்.

“இது ஏரிங்க. நின்னுபோனா எறங்கி நடந்து வந்துடலாம். ஒன்றரை நாள் மெதந்தவனுக்கு ஒரு மணி நேர மோட்டாரா?”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் சாப்பிட்டார். எனக்கும் வருத்தம்தான். ஒரு சுற்றுகூட இன்னொன்றின் மேல் ஏறாமல் ராத்திரி பகலாகச் சுற்றின கம்பிச் சுருள் அது. என் வேலையை நானே வேண்டாம் என்று சொல்வது லேசில்லை.

அடுத்து, பாரிமுனையில் மோட்டார் விற்கிற கடைக்காரர். படகின் பின்பக்கம் மாட்டுகிற வெளிநாட்டு அவுட்போர்டு மோட்டார், பெட்ரோலில் ஓடுவது, செகண்ட் ஹேண்ட். பளபளவென்று வெள்ளை மூடி. வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு அவரே இரும்புலியூர் வந்துவிட்டார். ஏரியில் மாட்டியதும் ஒரே இழுப்பில் கிளம்பி, தராசு முள்ளை நாற்பதுக்குத் தள்ளிவிட்டது. என் கணவர் முகமெல்லாம் பல். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

நான் ஒரு வாளித் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்துக் கொண்டுவந்தேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னா சார், அம்மா இன்னா பண்றாங்க? மேல தண்ணி கிண்ணி ஊத்தக் கூடாது சார்.”

“கடல்ல மேல தண்ணி அடிக்காதுன்னு எழுதித் தருவீங்களா?” என்று கேட்டுவிட்டு வாளியைக் கவிழ்த்தேன்.

பிறகு கயிற்றை இழுத்தார், இழுத்தார், சட்டை நனைகிற வரைக்கும் இழுத்தார். பதினோரு இழுப்பு எண்ணினேன். அது உறுமினதோடு சரி. உள்ளே ஒரு பாகம் போய்விட்டால் எங்கே கிடைக்கும் என்றேன். பம்பாயில் சொல்லிவைக்கலாம் என்றார். நடுக்கடலில் இருந்துகொண்டு பம்பாய்க்கு யார் சொல்லுவது? அவர் போகும்போது என் கணவரிடம், “வூட்ல இவங்க வச்சதுதான் சட்டமா சார்?” என்று கேட்டார். “மோட்டார் விஷயத்துல ஆமா” என்றார் இவர். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு நாள் மௌனத்தை மன்னித்துவிட்டேன்.

மூன்றாவது, எங்கள் கடைக்குள்ளேயே மூலையில் கிடந்தது. கோவிலம்பாக்கத்து விவசாயி ஒருவர், கிணற்றுக்குக் கரண்ட் வந்துவிட்டதென்று போட்டுவிட்டுப்போன பம்ப் செட் என்ஜின். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. துரு, எண்ணெய்ப் பிசுக்கு, காது கிழிகிற சத்தம். டைனமோவுக்குச் செய்த நீளத் தண்டையும் பித்தளை விசிறியையும் அதற்குப் பொருத்தச் சொன்னேன். முனகிக்கொண்டே செய்துகொடுத்தார்.

தராசில் இருபத்திரண்டு கிலோ இழுத்தது. ஒரு மணி நேரம் கழித்தும் இருபத்திரண்டு. உப்புத் தண்ணீர் ஊற்றினேன், நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டி, அன்று கோவளத்திலிருந்து வந்திருந்த அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் கையில் நல்லெண்ணெயைத் தடவிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இழு என்றேன்.

“இன்னா வெளையாடுறியா?”

“மழையில, இருட்டுல, பயத்துல கை இப்டித்தான் வழுக்கும். இழுண்ணா.”

மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. இன்னொரு வாளி ஊற்றித் துடைத்தோம். மறுபடியும் மூன்றாவது இழுப்பு. எத்தனை முறை நனைத்தாலும் மூன்று இழுப்பைத் தாண்டவில்லை. இதுதான் என்று சொல்லிவிட்டேன்.

எங்கே சறுக்கினோம் என்றால், அளவில். எங்கள் கரையில் பெண்கள் மீன் விற்கலாம், வலை உலர்த்தலாம், படகில் மட்டும் கால் வைக்கக் கூடாது. நானும் அந்தக் கரையில் வளர்ந்தவள், கடல் படகில் ஒருநாளும் வைத்ததில்லை. அதனால் படகின் பின்பலகை தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரம் என்று அண்ணனையே கயிற்றில் முடிச்சுப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தேன். அந்த முடிச்சை நம்பி என்ஜினுக்கு இரும்புத் தாங்கி அடித்துக் கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த பிறகு, எல்லாப் படகும் கழியில் நிற்கிற நேரம். அண்ணனும் மூன்று ஆட்களும் வலையோடு ஏறினார்கள். பின்பக்கம் அப்படியே அமுங்கியது. கழி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் வந்த முதல் சின்ன அலையே என்ஜினை முழுசாக முக்கிவிட்டது.

கரையில் அண்ணி என் பக்கத்தில் நின்றிருந்தாள். முங்கின என்ஜினை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“முடிச்சுப் போடும்போது படகுல யார்ணா இருந்தாங்க?” என்று கத்திக் கேட்டேன்.

“யாரும் இல்ல. நான் தண்ணில நின்னுகினுதான் போட்டேன்.”

காலிப் படகை அளந்திருக்கிறான். இதை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். தப்பு என் பேரில்தான். என் கணவர், நான் ஏறி அளக்கிறேன் என்று வேட்டியை மடித்தார். ஏரியிலேயே வாந்தி எடுத்தவர். “நீங்க சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டு, நான் கயிற்றை எடுத்துக்கொண்டேன். அண்ணன் முகம் மாறிப்போனது.

“தோ பாரு, நீ ஏறாத. நாளைக்கு ஒண்ணுன்னா கரையே உன்னத்தான் சொல்லும்.”

பக்கத்துப் படகுக்காரர், கரையில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசுகிறவர், கையைக் கட்டிக்கொண்டு, “பொம்பள ஏறட்டும். அப்பால வலைல ஒண்ணும் வுழலன்னா எங்கள கேக்காத” என்றார்.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். அந்தப் படகுக்கு என்ன வந்தாலும் அன்றிலிருந்து என் தலையில்தான் விழும். அண்ணி என் தோளில் கை வைத்தாள்.

“அவ ஏறாம இந்தப் படகு கழிய வுட்டுப் போவாது” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். கை கொடுக்க யாரும் வரவில்லை. விளிம்பைப் பிடித்து, தொத்தி, நானே ஏறினேன். நாலு பேரையும் வலையையும் ஐஸ் பெட்டிக்குப் பதிலாக மணல் மூட்டைகளையும் அவரவர் இடத்தில் வைத்துவிட்டு அளந்தேன். ஒரு சாணுக்கு மேல் வித்தியாசம். தாங்கியை உயர்த்தி அடித்து, என்ஜினுக்கு மேல் தகர மூடி ஒன்றும் போட்டோம். அடுத்த ஞாயிறு அதே முகத்துவாரத்தில், அதே சுமையோடு ஓட்டிக் காட்டினோம். அண்ணி பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். திங்கட்கிழமை அண்ணன் கடலுக்குப் போனான்.

அதன்பிறகு மீன் குறைந்தால் கரையில் முணுமுணுப்பார்கள் என்று அண்ணி சொல்லியனுப்புவாள். “நீ கண்டுக்காத” என்றும் சேர்த்தே சொல்லியனுப்புவாள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள் காலையில் அண்ணன் கடை வாசலில் வந்து நின்றான். தோளில் ஒரு பெரிய வஞ்சிர மீன். நான் சுற்றிக்கொண்டிருந்த கம்பிச் சுருளைக் கையில் வைத்தபடி எழுந்தேன். அவன் கண் கலங்கியிருந்தது.

“மூணாவது இழுப்பு” என்றான்.

பிறகுதான் மற்றதைச் சொன்னான். முந்தின நாள் மத்தியானம் பெரிய என்ஜின் உடைந்துபோனது. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. மேலே நல்ல மழை. பொழுது சாய்வதற்குள் நாலு பேரும் கழிக்குள் வந்துவிட்டார்கள். அண்ணி மணலில் நின்று அந்தப் பம்ப் செட் சத்தத்தைக் கேட்டதும், பக்கத்தில் இருந்தவர்களிடம், “அது எங்க இரும்புலியூர் மிசினு” என்றாளாம். என் கணவர் அந்த மீனை வாங்கி ஸ்பிரிங் தராசில் மாட்டி நிறுத்துப் பார்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அடுத்த ஞாயிறு கோவளம் போனேன். பூசை முடிந்து கழிப்பக்கம் வந்தால், சத்தமாகப் பேசுகிற அந்தப் படகுக்காரர் தன் படகோரம் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு நீளப் பலகையை எடுத்து, ஒரு முனையை மணலிலும் மறு முனையைப் படகின் விளிம்பிலும் வைத்து, ஆடாமல் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“என் படகுக்கும் ஒரு மிசினு வெக்கணும். அளவெடுக்கணுமாமே. ஏறும்மா” என்றார்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். எட்டு வைக்கப் போனவள் நின்றேன்.

“உங்க ஆளுங்க எல்லாரையும் கூப்பிடுங்க. வலையையும் ஏத்துங்க. காலிப் படகுல நான் அளவெடுக்க மாட்டேன்.”

அவர் கரையைப் பார்த்துத் திரும்பி, தன் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்.