வெங்கடப்பா அண்ணனின் சிவப்பு விளக்கு

கம்பவுண்டர் வெங்கடப்பா அண்ணன் போய்ட்டாரு. காலையில கெலமங்கலத்துல இருந்து அவர் பேத்தி போன் பண்ணுச்சு.

அதுல இருந்து உட்கார முடியல, படுக்க முடியல. ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துட்டே இருக்கேன்... மருமக பிபி மாத்திரையை வச்சுக்கிட்டு பின்னாலயே வர்றா.

ஐம்பதுகள்ல அங்க ஒரு சின்ன டிஸ்பென்சரி. நான் புதுசா வந்த மிட்வைஃப், அவர் கம்பவுண்டர். சுத்துப்பட்டு ஊர்ல பிரசவம்னா நான் மாட்டு வண்டியில போவேன், அவர் முன்னாடி சைக்கிள்ல.

சந்தை கலையுற நேரம் ரோடு பூரா வண்டியும் மாடும்தான். எவனும் வழி விடமாட்டான். மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? காக்கி சட்டை, காக்கி டவுசர் தச்சுப் போட்டுக்கிட்டாரு. சைக்கிள் விளக்குல சிவப்புக் கண்ணாடித்தாள். போலீஸ்னு நெனச்சு எல்லாம் மளமளன்னு ஒதுங்கும்!

"பாத்தீங்களா நர்சம்மா, கலெக்டருக்குக் கூட இப்படி விடமாட்டாங்க"ன்னு திரும்பித் திரும்பிச் சிரிப்பாரு. எனக்கும் பெருமையாத்தான் இருக்கும்.

அப்புறம் அந்தச் சாயங்காலம்...

அஞ்செட்டி ரோட்டுல ஒரு மேட்டு ஊர். கவுரம்மாவுக்குத் தலைப்பிரசவம், புள்ள குறுக்க கிடக்கு. தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயே ஆகணும். வண்டி மேல ஏறாது, கயித்துக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு இறங்க ஆம்பளைங்க வேணும்.

ஊர்ல ஒரு ஆம்பளை இல்ல.

நம்ம பக்கம் மதுவிலக்கு. மைசூர் எல்லையில இருந்து சாராயம் கடத்துறதுதான் அந்த ஊருக்குப் பொழப்பு. காக்கியும் சிவப்பு விளக்கும் மேடேறி வர்றதைப் பாத்ததும் அத்தனை பேரும் காட்டுக்குள்ள ஓடிட்டாங்க. அவ புருஷனும்தான்!

அண்ணன் சட்டையைக் கழட்டி வீசிட்டு, பனியனோட காட்டைப் பாத்துக் கத்துறாரு. "நானு போலீஸ் அல்லப்பா, கம்பவுண்டரு! வாங்கடா... புள்ளத்தாச்சிடா!" கன்னடம், தெலுங்கு, தமிழ் எல்லாத்துலயும் கத்தினாரு. பிடிக்கத்தான் தந்திரம் பண்றான்னு நெனச்சாங்களோ என்னவோ... ஒருத்தனும் வரல.

கடைசியில அவரும் நானும் ரெண்டு பொம்பளைங்களும் தூக்கினோம். நாலடிக்கு ஒருதரம் இறக்கி வச்சு, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி...

வீட்டுல காது வச்சுக் கேட்டப்போ புள்ளைக்குத் துடிப்பு இருந்துச்சு, மெல்லிசா. கீழ வந்து வண்டியில ஏத்துறப்போ இல்ல.

கவுரம்மா பொழச்சா. அடுத்த புள்ளைக்குப் பேர் வைக்க அவரைத்தான் கூப்பிட்டு ஆள் அனுப்பினா. அவர் போகல. காக்கியும் அதுக்கப்புறம் போடல.

ரிட்டயர் ஆகி நான் ஓசூர் வந்தப்புறமும் அப்பப்போ போன் பண்ணுவாரு. முழங்கால் வலி, பேரப்பசங்க படிப்புன்னு பேசிட்டு, வைக்கிறப்போ கேப்பாரு. "நர்சம்மா... அவங்க ஓடாம இருந்திருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்குமா?"

"தெரியலண்ணா"ம்பேன். "சரி சரி, நேரத்துக்குச் சாப்பிடுங்க"ன்னு வச்சுடுவாரு.

போன வாரமும் கேட்டாரு.

மதியம் எடுக்குறாங்களாம். பையன் கார் எடுத்துட்டு வர்றேன்னு போனான்... இன்னும் காணோம்.

நிஜமாவே எனக்குத் தெரியலண்ணா. நிம்மதியா போங்க.