வீட்டில் மிச்சம் எத்தனை?

எங்கள் ஊரான கார்பெக்கில் டாக்டர் கிளினிக்கின் வாசலை ஒட்டி, சுவரில் ஒரு பச்சை மரப்பெட்டி இருபத்தாறு வருடம் தொங்கியது. அதன் சாவி வரவேற்பு மேசையில் இருந்த எனிட் ஹார்க்கரிடம் மட்டும்தான் இருக்கும். மாதாமாதம் ஒரே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், போன மாதச் சீட்டின் துண்டில் வேண்டியதை டிக் அடித்து அந்தப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். எனிட் காலை எட்டு மணிக்கு அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிப்பார். டாக்டர் கையெழுத்துப் போட்டதும், தெருவைத் தாண்டி எங்கள் மருந்துக்கடைக்குச் சீட்டுகளை அவரே கொண்டு வருவார். கவுண்டரில் அவற்றை வாங்குவது என் வேலை.

துண்டுகளில் டிக் மட்டும் இருக்காது. "முழங்கால் மோசம், டாக்டரிடம் சொல்லவும்" என்று இருக்கும். சிலதில் கையெழுத்து நடுங்கியிருக்கும். ஒருவர் இதய மாத்திரையை விட்டுவிட்டுத் தூக்க மாத்திரைக்கு மட்டும் டிக் அடித்திருந்தார். எனிட் அன்று மதியச் சாப்பாட்டைத் தொடாமல் அவர் வீட்டுக்கே போனார்.

எனிட் டிக்கை நம்பமாட்டார். அவருடைய அம்மா மாதம் தவறாமல் டிக் அடித்து மாத்திரை வாங்கியவர். இறந்த பிறகு துணி டிராயரைத் திறந்தால் பிரிக்காத பதினான்கு பெட்டிகள் இருந்தன. அதற்குப் பிறகு எனிட் யாரையும் நலமா என்று கேட்டதில்லை. "வீட்ல எத்தனை மிச்சம் இருக்கு?" என்றுதான் கேட்பார்.

எங்கள் ஊரில் நலமா என்று கேட்டுப் பயனில்லை. சவப்பெட்டிக்கு அளவெடுக்கும்போது கேட்டாலும் "குறை சொல்றதுக்கில்ல" என்பார்கள். அதற்கு மேல் சொல்வது மரியாதை இல்லை.

பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. டாக்டர் ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் ஆறு மாதச் சீட்டும் எங்கள் கடைக்கு வந்துவிடும். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை எங்கள் இயந்திரம் தானே லேபிள் அடிக்கும். ஒரு திங்கட்கிழமை காலை ஒருவர் வந்து பெட்டியைத் திருகாணி கழற்றி எடுத்துப் போனார். சுவரில் நான்கு ஓட்டைகள் மிஞ்சின. எனிட்டைத் தொலைபேசி மேசைக்கு மாற்றினார்கள். யாருக்கு எந்த மருந்து மாறியது என்று ஆஸ்பத்திரி எழுதும் கடிதங்களை வேறு ஊரில் இருந்த ஓர் அலுவலகம் பார்க்கத் தொடங்கியது.

ஒரு மாதம் கழித்து எனிட் கடைக்கு வந்தார். பெயர் எழுதிய மருந்துப் பைகள் அலமாரி முழுக்க வரிசையாக நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சரியான நாள்ல வாங்குறாங்களா, லோர்னா?"

"ஆமா. ஒருத்தர்கூடத் தவறல."

"அதான் எனக்குப் பிடிக்கல. எந்த ஊர்ல இத்தனை பேரு ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறாங்க?"

பை கொடுக்கும்போது நாங்கள் நான்கு கேள்வி கேட்க வேண்டும். உடம்பில் மாற்றம் உண்டா, வேறு டாக்டரைப் பார்த்தீர்களா, புது மருந்து உண்டா, எல்லாம் தேவையா. கவுண்டரில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வரிசை நீளும்போது நான்கும் ஒன்றாகிவிட்டது: "எப்பவும்போலதானே?"

ஆல்பன் த்ரெல்ஃபாலிடமும் அதைத்தான் கேட்டேன். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், எழுபத்துநான்கு வயது, மேட்டுத் தெருவில் தனியாக இருந்தார். ரத்தம் உறையாமலிருக்க வருடக்கணக்கில் ஒரு நீல மாத்திரை சாப்பிட்டு வந்தார். பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தார். அங்கே நீலத்தை நிறுத்தி, அதே வேலைக்கு ரோஸ் நிறத்தில் புது மாத்திரை கொடுத்தார்கள். கிளினிக் தன் பட்டியலிலிருந்து நீலத்தை எடுத்துவிட்டு, ரோஸுக்கு எங்களுக்குப் புதுச் சீட்டு அனுப்பியது. ஆனால் எங்கள் கடைக்கு ஏற்கெனவே வந்துவிட்ட ஆறு மாதச் சீட்டு அப்படியே இருந்தது. யாராவது எங்களுக்கு ஒரு போன் செய்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கசியும் என்று எங்கள் திரையிலும் எச்சரிக்கை வந்திருக்கும். அது எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் வரும், தட்டிவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். நீலத்துக்கு உண்டான ரத்தப் பரிசோதனையும் நின்றுவிட்டது. புதிய மாத்திரைக்கு அது தேவையில்லை.

இவை எல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. மார்ச் மாதம் நான் பார்த்தது அவருடைய கையை மட்டும்தான். பை வாங்க நீட்டிய கையின் புறத்தில், மணிக்கட்டு வரை, கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

"எப்பவும்போலதானே, மிஸ்டர் த்ரெல்ஃபால்?"

"குறை சொல்றதுக்கில்ல கண்ணு. இந்தப் பையக் குலுக்கினா என் பழைய சில்லறைப் பை மாதிரியே சத்தம் வருது."

பின்னால் நின்ற திருமதி ஆக்டன், "டிக்கெட் குடுத்துட்டு நகருங்க ஓட்டுநரே, பஸ் இன்னிக்குக் கிளம்புமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அத்தனை பேர் நடுவில் எனக்குக் கேட்க வரவில்லை. அவர் போய்விட்டார்.

ஏப்ரலில் அவர் மறுபடி வந்தபோது, இருமல் மிட்டாய் வாங்க எனிட்டும் வந்திருந்தார். ஆல்பன் கைக்குட்டையை மூக்கில் அழுத்தியிருந்தார். அதில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு தெரிந்தது. நான் பையை நீட்டினேன். எனிட் என் கைக்கும் அவர் கைக்கும் நடுவே தன் கையை வைத்தார்.

"ஆல்பன், வீட்ல எத்தனை மிச்சம் இருக்கு?"

"ஏ எனிட், உன் பெட்டியப் பிடுங்கிட்டாங்கன்னு இப்ப கடையிலயே உக்காந்துட்டியா?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க. எத்தனை?"

"நீலம் இன்னிக்கோட சரி. ரோஸ் ஒரு பத்து இருக்கும். ஒண்ணையும் விடல, ரெண்டையும் ஒழுங்காப் போடுறேன்."

"ரெண்டும் சேத்தா? எத்தனை நாளா?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததிலேர்ந்து. நீங்கதானே குடுக்குறீங்க?"

எனிட் என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே இருந்த மருந்தாளுநரைப் பெயர் சொல்லிக் கத்தினார். கார்பெக்கில் யாரும் கடையில் கத்துவதில்லை. வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆல்பன் நாற்காலியில் உட்கார்ந்து தலை வலிக்கிறது என்றார். காலையிலிருந்தே வலிக்கிறதாம்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"எப்பவும்போலதானேன்னு கேட்ட கண்ணு. ஆமான்னுதானே சொல்லணும்?"

மூன்றாம் நாள் இறந்துபோனார். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. விசாரணைக் கூட்டத்தில் எல்லோரும் விதிப்படியே நடந்ததாகத் தெரிந்தது. கிளினிக் பட்டியலை மாற்றியிருந்தது. கடை கேள்வி கேட்டிருந்தது, பதிலும் வந்திருந்தது. எனிட்டைச் சாட்சி சொல்ல யாரும் கூப்பிடவில்லை. அவர் கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மே மாதம் ஒரு காலை எங்கள் இயந்திரம் ஒரு லேபிளைத் தள்ளியது. ஆல்பன் த்ரெல்ஃபால், நீல மாத்திரை, மாலையில் ஒன்று. ஒரு நாள்கூடத் தவறவில்லை. மதியம் வந்த எனிட்டிடம் அதைக் காட்டினேன். அவர் என் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தார்.

"எத்தனை பை இருக்கு?"

"இருநூத்திப் பத்து."

கதவு மணி அடித்தது. திருமதி ஆக்டன் வந்தார். நான் அவர் பையை எடுத்தேன். 'எப்பவும்போலதானே' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பையைக் கவுண்டரில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"வீட்ல எத்தனை மிச்சம் இருக்கு, மிசஸ் ஆக்டன்?"

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தார்.

"எதைக் கேக்குற கண்ணு? பழசையா, புதுசையா?"